அம்மாவிடம் கொடுத்து வைத்த சரணம்

தலைப்பிரசவத்துக்கு முந்தைய மாதங்கள் என் உடம்பிலிருந்து எதை எதையோ எடுத்துக்கொண்டன. இடுப்பு போனது, போகட்டும் என்று விட்டேன். குப்புறப் படுக்கிற சுகம் போனது. கல்யாண மோதிரம் விரலில் இறுகி, சோப்புப் போட்டு உருவி, பீரோவுக்குள் போனது. அதற்கெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மூச்சில் கை வைத்தபோதுதான் கோபம் வந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் தமிழ்க் கோயிலின் பாடகர் குழுவான கொயரில் நான் பாடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் கேரல் ஆராதனை அங்கே எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். இருட்டத் தொடங்கியதும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். ஆர்கன் வாசிக்க மாட்டார்கள். பின்வாசலில் ஒரு பெண் மெழுகுவர்த்தியோடு நின்று முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவாள். இரண்டாவது சரணத்தில்தான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு அவள் பின்னால் நடந்து வருவார்கள். முதல் சரணத்தின் கடைசி வரி சரியான நீளம். நடுவில் மூச்சு எடுக்கக் கூடாது என்பது எங்கள் கொயரில் எழுதாத சட்டம். கல்லூரியில் படிக்கும்போது அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அதிலிருந்து யாருக்கும் விட்டதில்லை. ஜுரத்தோடு பாடியிருக்கிறேன். டிசம்பரில் வைக்க இருந்த என் கல்யாணத்தையே ஜனவரிக்குத் தள்ளினேன். மாமியார் வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்த இடத்துக்கு ஒரு ராசி உண்டு. மாசமாக இருக்கிறேன் என்று ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தவளுக்கு அது திரும்பக் கிடைத்ததே இல்லை. யாரும் பிடுங்குவதில்லை, எல்லோரும் நல்லவர்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எதற்குச் சிரமம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அன்பாகச் சொல்வார்கள். அடுத்த வருஷம் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும். அதற்கடுத்த வருஷம் புதுக் குரல் எல்லோருக்கும் பழகிப்போயிருக்கும். என் அம்மாவுக்கே அப்படித்தான் ஆனது. என்னைச் சுமந்த வருஷம் விட்டவள், அதன் பிறகு கீழ்ச்சுருதியில் பாடும் ஆல்ட்டோ வரிசையில் தூண் மறைக்கிற ஓரத்தில் போய் நின்றாள், நின்றவள் நின்றவள்தான். இதை அம்மா என்னிடம் சொன்னதில்லை. ஒரு கல்யாண விருந்தில் கொயரின் பழைய ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிஜமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது கெடக்கு, பிரியாணி ஆறிடும்" என்றாள்.

குழந்தை உண்டாகியிருப்பது மே மாதம் உறுதியானது. சந்தோஷத்தில் நானும் கணவரும் குதித்தோம், அப்புறம் தனியாக உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜனவரி முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் டிசம்பரில் வயிறு வாய்வரைக்கும் வந்திருக்கும். வரட்டும், வயிறு பாடப்போவதில்லை, வாய்தானே பாடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாட்டில் வயிற்றுக்கு எவ்வளவு வேலை என்பது இத்தனை வருஷம் பாடியும் எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

முதலில் வந்தது மசக்கை. எங்கள் தெருமுனையில் சாயங்காலமானால் கபாப் அடுப்பு மூட்டுவார்கள். அந்த வாசனைக்காகவே அந்த மாடி வீட்டைப் பிடித்தோம். இப்போது ஐந்து மணிக்கே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் கணவருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் என்ன எண்ணெய் தேய்த்திருந்தார் என்பதை இவர் கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன். பாவம், மனுஷன் வந்ததும் நேரே குளியலறைக்குப் போகப் பழகிக்கொண்டார். நான் பாதி நாள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு ஓடுவேன், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நெட்வொர்க் சரியில்லை என்பேன். அந்த மாதங்களில் பெங்களூரிலேயே மோசமான நெட்வொர்க் எங்கள் வீட்டில்தான்.

ஆனால் என் உடம்பை நான் வாயைப் பிளந்து பார்த்ததும் அப்போதுதான். எனக்கு ஓர் அலமாரியை ஒழுங்காக அடுக்கத் தெரியாது. இந்த உடம்போ உள்ளே ஒரு முழு ஆளை அடுக்கிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்கவில்லை, என் யோசனை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நான் கணக்குத் தாளில் ஏதோ ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அது ஒரு காது மடலைச் செய்து முடித்திருக்கும். முடி அடர்த்தியானது. எப்போதும் உடைகிற நகம் கெட்டிப்பட்டது. தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு, யாரோ அளவெடுத்துப் பென்சிலால் போட்டது போல இறங்கியது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது, குறட்டை விட்டேன், செருப்பு ஒரு அளவு சின்னதானது. நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் வந்தன. குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, பரவாயில்லையே நீ, என்று அதனிடமே சொல்லியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்த ஒருத்தியின் சாமர்த்தியம் இப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

ஏழாம் மாதம் கோயில் போதகர் ஐயர் வந்து ஜெபம் பண்ண, கை நிறைய வளையல் போட்டு, என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இருந்தாலும் முறை முறைதானே, இரண்டு பெட்டி, தலையணை, பழக்கூடையோடு ஆட்டோ பிடித்தோம். ஏர்போர்ட்டா என்று கேட்ட டிரைவர், போகிற இடத்தைக் கேட்டதும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார். "பன்னி அக்கா, நிதானவாகி ஹோகோணா" என்று, வாங்க, மெதுவாகவே போகலாம் என்று கன்னடத்தில் சொல்லி, சப்பரம் மாதிரி அந்த இரண்டு தெருவையும் ஓட்டிக் காட்டினார். நடந்து வந்த அம்மா எங்களுக்கு முன்னாலேயே வாசலில் நின்றாள்.

அக்டோபரில் கோயிலில் விளைச்சலைப் படைக்கிற அறுப்புப் பண்டிகை முடிந்ததும் சனிக்கிழமைகளில் ஒத்திகை தொடங்கியது. முதல் நாளே எனக்குத் தெரிந்துபோயிற்று. மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தது. குரல் ஒரு படி கீழே இறங்கி, பெரிய மனுஷி குரலாக இருந்தது. அதுகூட அழகாகத்தான் இருந்தது, மாஸ்டரே சொன்னார். மாஸ்டர் என்பது எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து நடத்துகிறவர், ஓய்வு பெற்ற தபால்காரர், அனாவசியமாக யாரையும் புகழாதவர். ஆனால் கடைசி வரி மட்டும் முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. அடுத்த வாரம் பாதியில் நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக வாரா வாரம் மூச்சு குறைந்துகொண்டே போனது. டாக்டரிடம் போய் முறையிட்டேன். குழந்தை மேலே ஏறி நுரையீரலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, மூச்சு வாங்கத்தான் செய்யும், ஒன்றும் தொந்தரவில்லை என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்தவன் கதிதான் என் நுரையீரலுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கோபம் மூச்சின் மேல்தான், குழந்தையின் மேல் வரவில்லை. ஒத்திகை நடக்கும்போது அதற்கு விக்கல் வரும். டொக், டொக் என்று உள்ளே தட்டிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் கையால் போடுகிற தாளத்துக்கும் அந்த விக்கலுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் சிரிப்பை அடக்கப் பார்ப்பேன், இருக்கிற கொஞ்ச மூச்சும் அதில் போய்விடும்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, எல்லோர் முன்னாலும் அந்த வரி என் தொண்டையில் அறுந்தது. மறுபடி தொடங்கினேன், மறுபடியும் அறுந்தது. மாஸ்டர் புத்தகத்தை மூடினார். உடம்புதான் முக்கியம், இந்த வருஷம் வேறு யாராவது பாடட்டும் என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த அன்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். மேல்சுருதியில் பாடும் சோப்ரானோ வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் இருக்கிறாள், தேன் குரல், புலி மாதிரி மூச்சு. அவள் சட்டென்று தன் செருப்பைப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த இடம் அவளிடம் போனால் என் ஆயுசுக்கும் அது அவளுடையதுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ.

"அம்மா பாடட்டும்" என்றேன்.

பாசத்தில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். பீரோவில் வைத்துப் பூட்டுகிற மாதிரி அம்மாவிடம் கொடுத்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அம்மா ஒரு வருஷம் பாடுவாள், அடுத்த வருஷம் எடு என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்காதவள் அவள். ஐம்பத்தைந்து வயதில் இன்னும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறாள், வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சமைக்கிறாள், இட்லியில் உடைந்ததைத் தன் தட்டில் போட்டுக்கொள்கிறாள். எப்படியும் முதலில் மறுப்பாள், நான் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தூணுக்குப் பக்கத்திலிருந்து அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா என்று மாஸ்டரிடம் கேட்டாள். அவ்வளவுதான். மறுப்பு, கூச்சம், நான் எதற்கு, ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அம்மா பாடினாள். அவரைக்காய் காலம் அது. ஊரெல்லாம் அவரை வாசனை. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய் ஒரு பை நிறைய வாங்கி வருவார். அம்மா கொட்டையை உரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுப்பாள். பிதுக்கிக்கொண்டே பாடுவாள். முதல் இரண்டு நாள் குரல் துருப்பிடித்த கேட் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அதற்குள்ளிருந்து வேறொரு குரல் எட்டிப் பார்த்தது. எனக்குத் தெரியாத குரல். என் குரலைவிட அகலமானது, கொஞ்சம் கரகரப்போடு, எங்கே போகிறோம் என்பது தெரிந்த குரல். செய்தி சேனலை ஒருநாளும் நிறுத்தாத அப்பா, சத்தத்தைக் குறைத்தார். மறுநாள் டிவியையே அணைத்துவிட்டு, கையில் ரிமோட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அடுத்த அறையில் கால்களைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் குரலை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் ஆல்ட்டோவில், தூண் மறைவில் நின்றாள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வந்தது. பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஆராதனைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு காலையில் எழுந்தவுடன் ஏதோ மாறியிருந்தது. நெஞ்செரிச்சல் இல்லை. இட்லியை முழுதாகச் சாப்பிட முடிந்தது. அடிவயிறு மட்டும் கனத்தது, நடந்தால் வாத்து மாதிரி கால் அகட்டிப் போனது. துணி உலர்த்த மொட்டை மாடிக்கு ஏறினேன். மேல்படியில் நின்றபோதுதான் உறைத்தது, எனக்கு மூச்சு இறைக்கவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தேன். உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, விலா எலும்புக்குக் கீழே பழைய இடம் முழுக்கத் திறந்திருந்தது. தலைச்சன் குழந்தை பிரசவத்துக்குச் சில வாரம் முன்னாலேயே தலையைக் கீழே இறக்கிவிடும், அப்போது தாய்க்கு மூச்சு லேசாகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் கடைசி வரியைப் பாடினேன். ஒரே மூச்சில் முழுதாக வந்தது, மிச்சமும் இருந்தது. இன்னொரு தடவை பாடினேன். என் உடம்பு எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது. சொல்லி வைத்தாற்போலச் சரியான வாரத்தில் கொடுத்திருந்தது. துணியைக்கூட உலர்த்தாமல், அம்மாவிடம் சொல்ல இறங்கினேன்.

அம்மா சமையலறைத் தரையில் அவரைக்கொட்டைப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றதும் நிமிர்ந்து வயிற்றைப் பார்த்தாள்.

"வயிறு எறங்கிடுச்சு" என்றாள். பிறகு கொட்டையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே மூச்சு நல்லா வரும். நீயே பாடு. மாஸ்டர்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிலேட்டைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். நான் ஓடி வந்ததும் இதைக் கேட்கத்தான். ஆனால் அவள் கை பிதுக்குவதை நிறுத்தியிருந்தது. தோல் பாதி கழன்ற ஒரு கொட்டையை விரலுக்கிடையில் பிடித்தபடி இருந்தாள். என்னைச் சுமந்தபோது இவளுக்கும் வயிறு இறங்கி, இவளுக்கும் ஒரு காலையில் மூச்சு திரும்பியிருக்கும். அன்றைக்கு யாரிடம் போய்ச் சொன்னாளோ. சொல்லவே இல்லையோ.

"இல்லம்மா, மூச்சு வரல" என்றேன்.

"மாடியில நீ பாடினது கேட்டுது."

"அது பக்கத்து வீடு."

பக்கத்து வீட்டில் இருப்பவர் தனியாக வாழும் ஒரு பஞ்சாபித் தாத்தா. அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சரி, பக்கத்து வீடாவே இருக்கட்டும்" என்றாள். கையிலிருந்த கொட்டையைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "எனக்குப் பாடணும்டி. ரொம்ப ஆசையா இருக்கு" என்றாள்.

அம்மா வாயிலிருந்து ஆசை என்ற வார்த்தையை, தனக்கென்று, நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கீழே உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆராதனை அன்று கோயில் வாசலில் என் கணவர் குனிந்து என் செருப்பு வாரைப் போட்டுவிட்டார், ஊரே பார்க்க. கொயரின் வெள்ளை அங்கி எனக்கு முன்பக்கம் மூடவில்லை, ஒரு சால்வையைப் போட்டு மறைத்துக்கொண்டேன். விளக்குகள் அணைந்தன. அம்மா பின்வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில். அவள் முதுகு நேராக இருந்தது, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தாள். பாடத் தொடங்கினாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் யாருடைய குரல் இது என்று ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரி வந்தது. முக்கால் தூரம் போனதும் அம்மா நின்றாள். அவள் அவசரமே படவில்லை. நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, நன்றாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்த மூச்சுக்காகக் கோயில் முழுக்கக் காத்திருந்தது. பிறகு மிச்ச வார்த்தைகளை எடுத்துக் கொண்டுபோய் முடித்தாள். நானாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அவளோ அந்த இடத்தில் மூச்சு எடுப்பதுதான் முறை என்பது போல எடுத்தாள். நான் இத்தனை வருஷம் ஒரே மூச்சில் பாடியதைவிட அது நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மாவும் நானும் என் கணவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நல்லா பாடினம்மா என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த வருஷமும் நான்தான் பாடுவேன். இப்பவே சொல்லிட்டேன். உனக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் கெடக்கு, நீ இரு."

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பெண்ணென்றும் பார்க்காமல் இப்படி ஒரேயடியாக எடுத்துக்கொள்வாளா ஒருத்தி என்று வாய்வரை வந்தது. அப்புறம் அவளைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து, சீட்டில் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கணவர்தான் ஓரத்தில் நசுங்கிக்கொண்டிருந்தார். சரிம்மா என்றேன்.

ஜனவரியில் மகள் பிறந்தாள். இப்போது நடக்கிறாள், எதைப் பார்த்தாலும் எனக்கு என்று கேட்கிறாள். அம்மா இன்னும் முதல் சரணத்தைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.